சாமி ரங்குகளை எண்ணுவதில்லை

இன்னும் பிறக்காத இயந்திரங்கள் எவ்வளவு வேகமாக ஓடும் என்று காகிதத்தில் எழுதுவதுதான் வனஜாவின் வேலை. பீன்யாவில், மோட்டார் கம்பி சுற்றித் தருகிற கடைக்கு மாடியில் இருந்தது சாமுண்டி கண்ட்ரோல்ஸ். மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் ஆண்கள். பையைத் தூக்கிக்கொண்டு சைட்டுக்குப் போவார்கள், காய்ச்சலோடு திரும்பி வருவார்கள், சில சமயம் திரும்பாமலேயே வேறு கம்பெனியில் சேர்ந்துவிடுவார்கள். வனஜா மட்டும் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து எஸ்டிமேட் போடுவாள். வருஷம் 1997. அவளுக்கு இருபத்து நான்கு வயது. அதில் இரண்டரை வயதை அந்த மேஜையே தின்றிருந்தது.

ஃபேக்டரிகளில் பி.எல்.சி. என்று ஒரு பெட்டி இருக்கும். அங்கே வேலை செய்பவர்கள் அதைக் கண்ட்ரோலர் என்பார்கள். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று அது சொல்லும். அதற்கு எழுதுகிற நிரல் பார்ப்பதற்கு ஏணி மாதிரி இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ரங் என்று பெயர். அந்தப் பெட்டி ஒரு முறை கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்க்கும். எந்த சுவிட்ச் அழுந்தியிருக்கிறது, எந்தத் தொட்டி நிரம்பியிருக்கிறது, எல்லாம் ஒரே பார்வையில். பிறகு கண்ணை மூடிக்கொள்ளும். மூடிய கண்ணோடு ஏணியின் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும். பிறகு கையை நீட்டிச் செய்ய வேண்டியதைச் செய்யும். மறுபடி கண்ணைத் திறக்கும். இந்த ஒரு சுற்றுதான் ஸ்கேன். இருபது மில்லி செகண்ட் ஆகலாம், முப்பது ஆகலாம். ஒரு செகண்டை ஆயிரமாக உடைத்தால் ஒரு துண்டு மில்லி செகண்ட். கண் மூடியிருக்கும் நேரத்தில் உலகத்தில் என்ன நடந்தாலும் அதைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதைப் படித்ததிலிருந்து வனஜா கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தாள். பஸ்ஸில் நின்றபடி, மல்லேஸ்வரம் சர்க்கிளில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இமைத்தால் அந்த இமைப்புக்குள் எத்தனை பேர் ரோட்டைக் கடந்துவிடலாம் என்று யோசிப்பாள். ஸ்டாப் தப்பிவிடும். இறங்கித் திரும்பி நடப்பாள். நடக்கும்போது தெருவே யாரோ கண்ணை மூடிக்கொண்டிருக்கும் இடைவெளியில் தனக்காக மட்டும் விரித்து வைத்த மாதிரி இருக்கும். மனிதர்களுக்கும் ஸ்கேன் நேரம் உண்டு என்பது அவள் முடிவு. அம்மாவுக்கு அரை செகண்ட். கண்டக்டருக்கு இரண்டு ஸ்டாப். முதலாளி சுப்ரமணியனுக்கு நான்கு நாள் என்று மதிப்பிட்டிருந்தாள். திங்கட்கிழமை லீவு கேட்டால் வெள்ளிக்கிழமை நிமிர்ந்து, என்ன கேட்டே என்பார்.

அவள் அவரிடம் ஏழு முறை கேட்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. சைட்டுக்கு அனுப்புங்கள் என்பது. காகிதத்தில் எழுதிய நேரம் எல்லாம் எங்கோ நிஜமாக நடந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. சைட்டில் பாத்ரூம் இருக்காது என்றார் சுப்ரமணியன். அடுத்த முறை, சைட்டில் நாய் இருக்கும் என்றார். நாய் இருந்தால் பரவாயில்லை சார் என்றதற்கு, வாட்ச்மேனும் இருப்பான் என்றார்.

ஜூன் மாதத்தில் வைட்ஃபீல்டில் ஒரு மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியின் ஆர்டர் வந்தது. கண்ணாடி பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாகப் போகும். மூடியில்லாத பாட்டிலை ஒரு சென்சார் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு தள்ளுகோல் அதை மட்டும் உதைத்துத் தொட்டியில் தள்ள வேண்டும். சிக்கல் என்னவென்றால், கண் ஒரு கண்ட்ரோலரிடம் இருந்தது, தள்ளுகோல் இன்னொரு கண்ட்ரோலரிடம் இருந்தது. இரண்டும் வெவ்வேறு காலத்தில் வாங்கிய மெஷின்கள், இரண்டாவதில் ஃபேக்டரியின் பழைய நிரலே ஓடியது. நடுவில் ஒரே ஒரு ஒயர். அந்த ஒயரில் சூப்பர்வைசர் அறையின் டிஸ்ப்ளேவும் சேர்ந்து மூன்று பேர் முறை வைத்துப் பேச வேண்டும். கண்ணுக்கும் தள்ளுகோலுக்கும் நடுவே ஒன்பது சென்டிமீட்டர்தான் தூரம், ஏனென்றால் அதற்கு அப்பால் ஒரு தூண். பெல்ட் ஓடுகிற வேகத்தில் ஒன்பது சென்டிமீட்டர் என்பது நூற்றைம்பது மில்லி செகண்ட். அதற்குள் செய்தி போய்ச் சேர்ந்தால் குற்றவாளிக்கு உதை. சேராவிட்டால் குற்றவாளி நிம்மதியாகக் கடந்து போய்விடும், தாமதமாக வந்த செய்தி பின்னால் வருகிற அப்பாவியை உதைக்கும்.

வனஜா உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஆபீஸில் மற்றவர்கள் ஒரு கண்ட்ரோலருக்கு ஒரு ஸ்கேன் என்று போடுவார்கள். அவள் எப்போதும் இரண்டு போடுவாள். ஸ்ரீராம்புரத்துக் குழாயடியில் வளர்ந்தவளுக்கு அது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் குடத்தின் முறை வரும்போது நீ ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தால் முறை தாண்டிப் போய்விடும். பிறகு முழு வரிசையும் ஒரு தடவை சுற்றி வந்தால்தான் உனக்குத் தண்ணீர். பெட்டி கண்ணை மூடிய மறு கணம் மூடியில்லாத பாட்டில் வந்தால் அந்த ஸ்கேன் வீண், அடுத்ததில்தான் அது கணக்கில் வரும். கண்ணுக்குப் பதினைந்து. முதல் கண்ட்ரோலர் இருபது, இருமடங்கு நாற்பது. ஒயரில் முறை வருவதற்கு நாற்பத்தைந்து. இரண்டாவது கண்ட்ரோலர் பதினெட்டு, இருமடங்கு முப்பத்தாறு. மொத்தம் நூற்று முப்பத்தாறு. பதினான்கு மில்லி செகண்ட் மிச்சம். கீழே கையெழுத்துப் போட்டாள்.

இந்தக் கணக்கில் கம்பெனியின் வழக்கம் ஒன்று ஒளிந்திருந்ததைச் சொல்ல வேண்டும். சாமுண்டி கண்ட்ரோல்ஸில் எந்த நிரலையும் முதல் ரங்கிலேயே வேலையோடு தொடங்க மாட்டார்கள். முதல் ரங் பிள்ளையாருக்கு. அது எதையும் ஓட்டாது, எதையும் நிறுத்தாது, சும்மா இருக்கும். பிறகு ஒவ்வொரு இன்ஜினியரும் தன் முதல் சைட்டின்போது தன் தெய்வத்துக்கு ஒரு ரங் போட்டார்கள். புது வேலை வந்தால் பழைய வேலையின் நிரலைக் காப்பியடித்து அதன் மேல்தான் எழுதுவது வழக்கம் என்பதால், சாமிகள் ஒரு சைட்டிலிருந்து அடுத்த சைட்டுக்கு நகர்ந்துகொண்டே வந்தன. ஒருவர் போட்ட சாமியை இன்னொருவர் அழிப்பதில்லை. சாமுண்டி இருந்தாள், வேளாங்கண்ணி மாதா இருந்தாள், எத்திராஜ் என்பவர் வேலையை விட்டுப் போகும் முன் புத்தருக்குப் போட்ட ரங் இருந்தது. எல்லா ரங்கும் ஒன்றும் செய்யாதவைதான் என்றாலும் அந்த ஒன்று மட்டும் கொள்கையாகவே ஒன்றும் செய்யாதது. மொத்தம் பன்னிரண்டு. எஸ்டிமேட் போடும்போது பதின்மூன்றாவது ரங்கிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பது சுப்ரமணியனின் கண்டிப்பு. சாமியை எண்ணினால் ஆகாது. வனஜாவும் எண்ணவில்லை. ஒன்றும் செய்யாத ரங் பன்னிரண்டும் சேர்ந்து ஒரு மில்லி செகண்டில் நூறில் ஒரு பங்குகூட எடுக்காது என்று அவளுக்குத் தெரியும்.

எஸ்டிமேட்டைப் படித்துவிட்டு சுப்ரமணியன் நிமிர்ந்து பார்த்தார். ஏழு முறை கேட்டதும் அன்றைக்குத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது போல.

"இந்த நம்பர் நின்னா அடுத்த சைட் உனக்கு," என்றார். "நிக்கலேன்னா மேஜையே சைட்டு. அப்புறம் கேக்கப்படாது."

ஜூலையில் ரெமிஜியஸ் வைட்ஃபீல்டுக்குப் போனான். ஜோகுபாளையத்துக்காரன், வேளாங்கண்ணி ரங் அவனுடையதுதான். எதற்கும் பதறாதவன். சைட்டிலிருந்து அவன் போன் செய்தால் தீப்பிடித்திருந்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பான். செவ்வாய்க்கிழமை காலை போன் செய்து, சாப்பிட்டாயா வனஜா என்று கேட்டுவிட்டு, நூறு மூடியில்லாத பாட்டிலுக்கு மூன்று தப்பித்துப் போகிறது, மூன்று நல்ல பாட்டில் உதைபடுகிறது என்றான். கண் சரி, தள்ளுகோல் சரி, ஒயர் சரி. உன் காகிதம்தான் பாக்கி. நாளை மறுநாள் பதினோரு மணிக்கு டெஸ்ட். ஆயிரம் பாட்டில், அதில் ஐம்பதுக்கு மூடி இருக்காது. ஒன்று தவறினாலும் கையெழுத்துப் போட மாட்டார்களாம்.

சுப்ரமணியன் யோசித்தார். குற்றம் சாட்டப்பட்டது எஸ்டிமேட் என்பதால், எஸ்டிமேட் போட்டவளை ஒரே ஒரு நாள் அனுப்புவது சைட்டுக்கு அனுப்புவதாக ஆகாது, சாட்சி சொல்ல அனுப்புவதாகத்தான் ஆகும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

புதன்கிழமை காலை அவள் மெஜஸ்டிக்கில் பஸ் மாறினாள். ஹூடி ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று தன் பெட்டிகளைத் தானே மறந்துபோனது மாதிரி போய்க்கொண்டே இருந்தது. தூறல். கேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள்கள், லாரிகள், திராட்சைக் கூடையோடு ஒரு அம்மா, எல்லாரும் அசையாமல் நின்றார்கள். ஜன்னல் கம்பியில் ஒரு துளி உருண்டு வந்து விழாமல் தொங்கியது. அது விழுவதற்குள் எத்தனை ஸ்கேன் ஆகும் என்று எண்ணத் தொடங்கினாள். நூறு, நூற்றைம்பது. துளிக்குள் தலைகீழாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ தன் பதினான்கு மில்லி செகண்ட் மிச்சம் இப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்து விழுந்திருக்க வேண்டும், யார் தலையிலோ. கேட் திறந்தது. பஸ் குலுங்கியதில் துளி எண்ணிக்கைக்கு வராமலே காணாமல் போனது.

ஃபேக்டரியில் பாத்ரூம் இருந்தது. நாயும் இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது. பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் முனிகிருஷ்ணன் வாசலிலேயே நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். ஊர் அல்சூர், வீட்டில் தமிழ், கோபத்தில் கன்னடம் என்று ரெமிஜியஸ் முன்பே சொல்லியிருந்தான்.

"நீங்கதானா அந்த நூத்தி முப்பத்தாறு?" என்றார்.

"ஆமாம் சார்."

"நம்ம பாட்டிலுக்கு அது தெரியலையே மேடம். சொல்ப சொல்லிட்டுப் போங்க." 'கொஞ்சம்' கன்னடத்துக்குப் போயிருந்தது.

பெல்ட்டின் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவளை யாரும் அசைக்க முடியவில்லை. இரண்டரை வருஷமாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்த காலம் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. செகண்டுக்கு ஆறு பாட்டில். ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு டியூப்லைட், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு மஞ்சள் சாயங்காலம். மாம்பழ வாசனை இடத்தையே தூக்கிக்கொண்டு எங்கோ போவது மாதிரி இருந்தது. ரெமிஜியஸ் மூடியில்லாத பாட்டில்களை ஒவ்வொன்றாக நுழைத்தான். தள்ளுகோல் நிதானமாக, வாசலில் நிற்கும் மாமனார் மாதிரி, வேண்டாதவர்களை மட்டும் வெளியே தள்ளியது. இருபது. முப்பது. முப்பத்து நான்காவது மூடியில்லாத பாட்டில் வாயைத் திறந்தபடியே தள்ளுகோலைக் கடந்து போனது. அடுத்து வந்த பாட்டில், மூடி, லேபிள், மரியாதை எல்லாம் உள்ளது, விழுந்தது. அது விழும்போது தன்னைப் பார்த்துவிட்டு விழுந்தது என்று வனஜா நிச்சயமாக நம்பினாள்.

எழுந்து லேப்டாப்பைக் கேட்டாள். கம்பெனியின் ஒரே லேப்டாப், அம்மிக்கல் கனம். கண்ட்ரோலர் தன் ஸ்கேன் நேரத்தை உள்ளே ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொண்டிருக்கும். கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் மூச்சு விடாது. இரண்டாவது கண்ட்ரோலரைக் கேட்டாள். பதினெட்டு. முதலாவதைக் கேட்டாள். முப்பத்தொன்று.

இருபது எங்கே, முப்பத்தொன்று எங்கே. பதினோரு மில்லி செகண்ட் கூடுதல், இருமடங்கு இருபத்திரண்டு. நூற்று ஐம்பத்தெட்டு. பாட்டில் போய் எட்டு மில்லி செகண்ட் கழித்துச் செய்தி வருகிறது. எப்போதும் இல்லை, எல்லாம் சேர்ந்து கெட்ட நேரமாக அமையும்போது மட்டும். நூறுக்கு மூன்று.

ஏணியைக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு ரங்கும் அவள் எண்ணியதுதான், ஒன்றும் கூடவில்லை. பதின்மூன்றாவது வரை வந்து நின்றாள். அதற்கு மேல் போவது, மூடியிருக்கும் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. பார்த்தாள். பிள்ளையார் சும்மா இருந்தார். மாதா சும்மா இருந்தாள். ஒன்பதாவது ரங் சும்மா இல்லை. அது தனக்குள் ஒரு சுற்று வைத்திருந்தது. ஒரு எண் ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும், ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்து வரிசையை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கும். நூற்றெட்டு வந்தால் முடியும். ஒவ்வொரு ஸ்கேனிலும், நூற்றெட்டு முறை. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் குறிப்பு: கந்தன் துணை. கோ. பெருமாள்சாமி, 1995.

"பெருமாள் சார் நூத்தெட்டுப் போற்றி போட்டு வச்சிருக்கார்," என்றாள் ரெமிஜியஸிடம்.

அவன் குனிந்து பார்த்தான். மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்பதற்கு விடை சுலபம். பெருமாள்சாமியின் ரங் இதுவரை போன சைட்டெல்லாம் தண்ணீர்த் தொட்டி, பாய்லர், கரும்பு ஆலை. தொட்டி நிரம்ப நாற்பது நிமிஷம் ஆகும். அதில் பதினோரு மில்லி செகண்ட் கந்தனுக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்.

அழித்துவிடலாமா என்று அவள் கேட்டபோதுதான் ரெமிஜியஸ் முதல்முறையாகக் கொஞ்சம் பதறினான். ஒருத்தர் சாமியை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. போன வருஷம் ஒருவன் இடம் போதவில்லை என்று சாமுண்டி ரங்கை எடுத்தான், மறுநாள் அவன் ஸ்கூட்டர் திருடு போனது. ஸ்கூட்டர் பூட்டாமல் இருந்தது என்பது வேறு விஷயம். சுப்ரமணியன் சாரைக் கேட்போம் என்றான். வனஜா மனதில் கணக்குப் போட்டாள். இன்று புதன். சார் பதில் ஞாயிற்றுக்கிழமை வரும். டெஸ்ட் நாளைக்கு.

ஆபீஸின் பத்துப் பேரில் ஒருவரான பெருமாள்சாமி அப்போது ஹொசூரில் ஒரு ஸ்பின்னிங் மில் சைட்டில் இருந்தார். ஃபேக்டரி ஆபீஸ் போனிலிருந்து மூன்று முறை முயன்று பிடித்தாள். பின்னணியில் பஞ்சு இரைகிற சத்தம், அவர் மழைக்குள் நின்று பேசுவது போலக் கேட்டது. கோவில்பட்டிக்காரர், முப்பத்து மூன்று வயது, யாரையும் கடிந்து பேசியதில்லை.

"சார், ஒன்பதாவது ரங்ல உங்க நூத்தெட்டு பதினோரு மில்லி செகண்ட் எடுக்குது."

"நூத்தெட்டும் பதினொண்ணுலயா?" அவர் குரலில் ஒரு பெருமை வந்தது. "நல்ல வேகந்தான் என்ன."

அவள் பாட்டில் கதையைச் சொன்னாள். அவர் உம் கொட்டிக் கேட்டார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டதும் பஞ்சு மட்டும் இரைந்தது.

"எங்கம்மா ஞாயித்துக்கெழம போன் போடுவா," என்றார் கடைசியில். "ஊரை விட்டுக் கெளம்பும்போது தினம் நூத்தெட்டு சொல்லுதேன்னு சத்தியம் வாங்கிட்டா. பீன்யா பஸ்ல தொங்கிட்டு எங்கன சொல்ல. அதான் அதுல போட்டேன். இப்ப கேப்பா, போற்றி நடக்குதாடேன்னு. நடக்கும்மான்னு சொல்லுதேன். இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல, பாத்துக்கோ."

மற்ற சைட்டுகளில் ஓடுகிறதே என்று அவள் கேட்டாள். பாய்லர் கம்பெனி மூடியாயிற்று. கரும்பு ஆலை சீசனுக்கு மட்டும். தொட்டியில் யாரோ நிரலே தேவைப்படாத பழைய ரிலே பலகைக்கே மாறிவிட்டார்கள். ஹொசூரில் இன்னும் நிரலை ஏற்றவில்லை. இன்றைய தேதிக்குப் பெருமாள்சாமியின் சத்தியம் முழுவதையும் சுமந்துகொண்டிருந்தது வைட்ஃபீல்டின் மாம்பழ ஜூஸ் மட்டும்தான்.

வனஜா ரிசீவரைப் பிடித்தபடி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். பெல்ட் நின்றிருந்தது. பாட்டில்கள் வரிசை கலையாமல், ரேஷன் கடையில் சீட்டு வாங்கியவர்கள் போல ஒவ்வொன்றாகக் கூப்பிடப்படுவதற்குக் காத்திருந்தன. நூற்றெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் கவுண்டருக்குள் நுழைந்தால்தானே நெரிசல்.

"சார், எடுக்க வேண்டாம். ஒரு ஸ்கேனுக்கு ஒண்ணு சொல்லட்டும். அடுத்த ஸ்கேன்ல அடுத்தது. நூத்தெட்டு ஸ்கேன்ல ஒரு சுத்து முடிஞ்சிடும்."

"மொத்தம் எம்புட்டு நேரம்?"

"ரெண்டு செகண்டு சொச்சம்."

அவர் யோசித்தார். எங்க ஊர்க் கோயில்ல பத்து நிமிஷம் ஆவும் என்றார், தனக்குத்தானே போல. பிறகு, "விட்டு விட்டுச் சொன்னா ஒண்ணாச் சொன்ன கணக்குல வருமா?" என்றார்.

"நீங்க சொன்னாலும் நடுவுல மூச்சு விடுவீங்கல்ல சார்."

"அது சரி. நடுவுல கரண்டு போனா?"

இது அவள் எதிர்பார்க்காத கேள்வி. ஆனால் பதில் இருந்தது. எண்ணிக்கையைப் பேட்டரியில் நிற்கிற இடத்தில் வைத்துவிட்டால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப பாதியில போனது போனதுதான் சார். திரும்ப முதல்லேருந்து."

இரண்டு வருஷம், பெங்களூர் மின்சாரம், நாளுக்கு நாலு முறை. அறுந்து விழுந்த அர்ச்சனைகள் எல்லாம் அவர் முன்னால் குவிவது அவளுக்கே கேட்டது.

"மாத்திரும்மா," என்றார் பெருமாள்சாமி. "மொத வேலையா மாத்திரு."

மதியத்துக்குள் மாற்றினாள். பெல்ட்டை நிறுத்தி, நிரலை ஏற்றி, மறுபடி ஓட்டினார்கள். முதல் கண்ட்ரோலரைக் கேட்டாள். இருபது. ரெமிஜியஸ் யாரும் பார்க்காதபோது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். யாருக்காக என்று அவனுக்கே தெளிவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு சுப்ரமணியன் தன் மாருதி வேனில் வந்து சேர்ந்தார். முனிகிருஷ்ணன் ஆயிரம் பாட்டிலையும் தன் கையாலேயே வரிசை வைத்திருந்தார். மூடியில்லாதவற்றை நல்ல மனதோடு கலந்ததாகத் தெரியவில்லை. ஒரு இடத்தில் தொடர்ந்து மூன்று. ஒரு இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று. யாரும் அந்த மாதிரி மூடி போட மறப்பதில்லை என்று ரெமிஜியஸ் சொன்னதற்கு, எங்க ஆளுங்களை உங்களுக்குத் தெரியாது என்றார்.

பெல்ட் நகர்ந்தது. வனஜா ஸ்டூலில் உட்காரவில்லை. தூணோடு தூணாக, கண்ணுக்கும் தள்ளுகோலுக்கும் நடுவில் இருந்த அந்த ஒன்பது சென்டிமீட்டருக்கு எதிரே நின்றாள். ஒரு சாண்கூட இல்லை. அதற்குள் எவ்வளவு பெரிய ஊர் இருந்தது. பெட்டி கண்ணைத் திறந்தது, பார்த்தது, மூடியது. பிள்ளையாரைக் கடந்தது, மாதாவைக் கடந்தது, ஒன்பதாம் படியில் ஒரே ஒரு போற்றி சொன்னது, இறங்கியது. செய்தி ஒயரில் குடத்தோடு நின்று தன் முறைக்குக் காத்திருந்தது. அந்தப் பக்கத்துப் பெட்டி கண்ணை மூடியிருந்தது. இன்னும் மூடியிருந்தது. பாட்டில் தோளைச் சாய்க்காமல் வந்துகொண்டிருந்தது. கண் திறந்தது. உதை. அவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு மத்தியானம் அளவுக்கு நீண்டது. முதல் நூறில் ஐந்து. முந்நூறில் பதினேழு. தொடர்ந்து வந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிக்குள் போயின. எழுநூற்றுக்கு மேல் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்ப்பது மாதிரி எல்லாம் மஞ்சளாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பெல்ட் நின்றது. முனிகிருஷ்ணன் தொட்டியில் குனிந்து எண்ணினார். ஐம்பது. பெல்ட்டின் அந்தக் கடைசிக்குப் போய் நல்ல பாட்டில்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுக்கொண்டே நடந்தார், தொள்ளாயிரத்து ஐம்பது தலையையும். திரும்பி வந்து, ஆயித்து, முடிஞ்சது மேடம் என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினார். எல்லாருக்கும் ஒரு ஜூஸ் கொடுத்தார்கள், தொட்டியில் விழுந்தவற்றிலிருந்து.

திரும்பும்போது வேனில் சுப்ரமணியன் ஓட்டினார், ரெமிஜியஸ் முன்னால், வனஜா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். மாரத்தஹள்ளி வந்தது. தூறல் விட்டிருந்தது. ஏரியின் மேல் வெளிச்சம் யாரோ போட்டுவிட்டு மறந்துபோனது மாதிரிக் கிடந்தது.

பிரச்னை என்னவாக இருந்தது என்று அவர் கேட்டார். ஒரு ரங்கில் வேலை கொஞ்சம் கனமாக இருந்தது, அதைப் பிரித்துப் போட்டோம் என்றாள். எந்த ரங் என்றார். ரெமிஜியஸ் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

"ஒன்பது சார்."

வேன் கொஞ்சம் வேகம் குறைந்தது. கண்ணாடியில் அவர் கண் அவளைப் பார்த்தது.

"அப்ப எண்ணினியா?"

"எண்ணினேன் சார்."

"எல்லாத்தையும்?"

"பன்னெண்டையும்."

சுப்ரமணியன் கண்ணை ரோட்டுக்குத் திருப்பினார். பாலம் ஏறினார், இறங்கினார். ஏர்போர்ட் ரோடில் ஒரு லாரிக்கு வழிவிட்டார், இன்னொரு லாரிக்கு விடவில்லை. தொம்மலூர் தாண்டியது. இது நான்கு நாள் ஆகும் என்று வனஜா நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பதில் வரும், மேஜைதான் சைட் என்று. லேப்டாப்பின் கனத்தில் தொடை மரத்துப்போயிருந்தது. டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் சிவப்பு விழுந்து வேன் நின்றது.

"திங்கக்கிழமை தும்கூர்," என்றார் அவர், சிக்னலைப் பார்த்தபடி. "பிஸ்கட் ஃபேக்டரி. சேஃப்டி ஷூ இல்லாம உள்ள விட மாட்டான். உன் கால் சைஸ் என்ன?"

"நாலு சார்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கியரைப் போடாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆறுக்குக் கீழே யாரும் தைக்கறதே இல்லையே," என்றார். "சாக்ஸ் ரெண்டாப் போட்டுக்கோ."